டர்பனில் கூட்டுறவுச் சேமிப்புச் சங்கத்தில் சேர்வது எப்படி?

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் சீட்டுக் கட்டிப் பழகிய குடும்பங்களுக்குக் கூட்டுறவுச் சேமிப்பு புதிதாகத் தோன்றாது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே அமைப்பு என்ற பொதுப் பிணைப்பு உள்ளவர்களையே இச்சங்கங்கள் சேர்த்துக்கொள்வதால், அந்தத் தகுதி உங்களுக்கு உண்டா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

பணம் கட்டும் முன்பே பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கிக்குள் இயங்கும் கண்காணிப்பு ஆணையமே இச்சங்கங்களை மேற்பார்வையிடுகிறது. பலர் கவனிக்கத் தவறும் வேறுபாடு ஒன்று உண்டு: 2024 ஏப்ரலில் தொடங்கிய வைப்புத்தொகைக் காப்பீடு (வங்கி முறிந்தால் போட்ட பணத்தை ஒருவருக்கு 1 லட்சம் ராண்ட் வரை திருப்பித் தரும் பாதுகாப்பு) கூட்டுறவு வங்கி என்று பதிவான நிறுவனங்களுக்கு உண்டு, கூட்டுறவு நிதி நிறுவனம் என்று மட்டும் பதிவானவற்றுக்கு இல்லை. ஆகவே சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதை எழுத்தெண்ணிப் படிப்பது நல்லது.

அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் தேவைப்படும். சேரும்போது நீங்கள் கட்டும் பங்குத்தொகை வேறு, மாதந்தோறும் போடும் சேமிப்பு வேறு. பங்குத்தொகையை விலகும்போது எப்போது, எப்படித் திருப்பித் தருவார்கள் என்று விதிமுறைப் புத்தகத்திலேயே காட்டச் சொல்லுங்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்பதால், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குத் தவறாமல் சென்று, தணிக்கை செய்த கணக்கில் வராக்கடன் எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.