பூம்பாறைக்குப் பஸ் ஏறும் முன்: ஆய்வுத் தரவுத் திட்டம் எழுதும் முறை

ஆய்வு முடிந்த பிறகு தரவைப் பகிரலாமா என்று யோசிப்பது காலம் கடந்த யோசனை. தரவை எப்படிச் சேர்ப்பது, எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது என்று களத்துக்குப் போகும் முன்பே இரண்டு பக்கத்தில் திட்டம் எழுதிவிடுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, அறுவடைக்குப் பின் எவ்வளவு வீணாகிறது என்று கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான பூம்பாறையின் விவசாயிகளிடம் கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. என்னென்ன சேரும்? பேட்டி ஒலிப்பதிவு, எடைக் கணக்கு, புகைப்படம். ஒவ்வொன்றையும் யார் எடுப்பார், எந்த வடிவம், சுமார் எத்தனை ஜிபி என்று ஒரு சின்ன அட்டவணை போதும்.

2. தரவு அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் (நெடுவரிசைக்கும்) பொருள் எழுதுங்கள். ஒருவர் 'மூணு மூட்டை போச்சு' என்பார். அவர் மூட்டை எத்தனை கிலோ? ஈரப்பூண்டா, காய்ந்ததா? அவர் சொன்ன அளவுக்கு ஒரு கட்டம், கிலோவுக்கு ஒரு கட்டம், பூண்டின் நிலைக்கு ஒரு கட்டம் வையுங்கள். எதுவும் வீணாகவில்லை என்றால் 0. கேட்கவே இல்லை என்றால் காலி. தேதியை 2025-04-03 என்றே எழுதுங்கள். 3/4 என்று விட்டால் எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளவும் கூடும்.

3. ஒப்புதல் படிவம். முக்கால்வாசித் திட்டம் இங்கேதான் இருக்கிறது. சீனியரின் படிவத்தை அப்படியே எடுத்தால், 'ஆய்வு முடிந்ததும் தகவல்கள் அழிக்கப்படும்' என்ற வரியும் கூடவே வந்துவிடும். அதில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு தரவைப் பகிர முடியாது. ஆகவே இரண்டு கேள்வி தனித்தனியாக: பேட்டிக்குச் சம்மதமா? பெயர் நீக்கிய தகவலை மற்ற ஆய்வாளர்களுக்குக் கொடுக்கச் சம்மதமா?

பெயரை நீக்கினால் ஆள் தெரியாது என்று நினைக்காதீர்கள். 'கோயிலுக்கு மேற்கே நிலம், வயது 62, மகன் திருப்பூரில்' என்று எழுதினால் ஊரில் குழந்தைகூட ஆளைக் காட்டிவிடும். வயதையும் நிலப்பரப்பையும் வரம்பாக மாற்றுங்கள். ஜிபிஎஸ் புள்ளியை எடுத்துவிடுங்கள். பெயருக்குப் பதில் பூ07 போலக் குறியீடு. எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் வேறிடத்தில், கடவுச்சொல்லோடு. ஒலிப்பதிவைப் பொதுவில் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. குரலே அடையாளம்தானே.

4. பிரதிகள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். மேல்மலையில் சிக்னலை நம்ப முடியாது; மாலையில் மடிக்கணினிக்கும் பென்டிரைவுக்கும் ஏற்றுங்கள், கொடைக்கானல் டவுனுக்கு வந்ததும் கிளவுடுக்கு. மழைக்காலத்தில் நோட்டு பூஞ்சை பிடிக்கும், பக்கங்களை அன்றன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

5. பாதுகாப்பும் பகிர்வும். கூகுள் டிரைவ் இணைப்பு காப்பகம் ஆகாது. கல்லூரி மின்னஞ்சல் மூடப்பட்டால் அதுவும் போச்சு. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான சேர்ன் நடத்தும் செனோடோ என்ற இணையத் தரவுக் காப்பகம் இலவசம்; உங்கள் தரவை எப்போதும் தேடி எடுக்க உதவும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். அட்டவணையை எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக ஏற்றி, மற்றவர்கள் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுங்கள். கூடவே, கட்டங்களின் பொருளைச் சொல்லும் ரீட்மீ கோப்பு கட்டாயம். அதே மலையில் கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்று டிஜிட்டலாகி ஆய்வுக்குப் பயன்படுகின்றன. எடுத்த தேதியும் நேரமும் தெரியாவிட்டால் அவை வெறும் வட்டங்கள்.

சரி, எழுதி முடித்ததும் கைடிடம் காட்டுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு ஒப்புதல் படிவமும் திட்டமும் சேர்ந்தே போகட்டும். கையெழுத்து வாங்கிய பிறகு படிவத்தில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் மறுபடி வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.