பழைய விங்பேக் நாற்காலி வாங்கப் போகிறீர்களா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

முதுகுச் சாய்வின் இருபுறமும் தலையருகே இறக்கைபோல் முன்னே நீண்டிருக்கும் மெத்தை நாற்காலிதான் விங்பேக். பழைய ஒன்றைப் பார்த்ததும் கண் துணியில்தான் போய் நிற்கும். பளிச்சென்ற வெல்வெட், ஓரத்தில் வரிசையாகப் பித்தளைக் குமிழ் ஆணிகள். விற்பவருக்கும் இது தெரியும். அதனால்தான் பல நாற்காலிகள் புதுத் துணி போர்த்திக்கொண்டு விற்பனைக்கு வருகின்றன. ஆனால் நூறு வருடம் உழைத்த நாற்காலிக்குத் துணி பலமுறை மாறியிருக்கும், இனியும் மாறும். நிலைத்து இருப்பது உள்ளே உள்ள மரச்சட்டமும் அதன் அளவுகளும்தான். நீங்கள் காசு கொடுப்பது அவற்றுக்கு.

பொதுவாக நூறு வயதைக் கடந்ததை ஆன்ட்டிக் என்பார்கள். அதற்கு இளையதாக, ஆனால் ஒரு தலைமுறையாவது பழையதாக இருந்தால் விண்டேஜ். வீட்டில் தினமும் உட்கார வாங்குபவருக்கு இந்தப் பெயரைவிடச் சட்டத்தின் உறுதிதான் முக்கியம். உறுதியான 1950களின் நாற்காலி, ஆட்டம் கண்ட 18ஆம் நூற்றாண்டு நாற்காலியைவிட எவ்வளவோ மேல்.

உட்கார்ந்து அளக்க வேண்டியவை

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பிறந்த வடிவம் இது. கணப்பின் முன் உட்கார்பவர் மேல் பக்கவாட்டுக் குளிர்காற்று படாமல் தடுக்கவும், நெருப்பின் சூட்டைப் பிடித்து வைக்கவும்தான் அந்த இறக்கைகள். அழகுக்காக வந்தவை அல்ல. ஆகவே உடம்புக்குப் பொருந்தாத விங்பேக், எவ்வளவு அரியதாக இருந்தாலும் மூலையில் வெறுமனே கிடக்கத்தான் போகிறது.

முதுகு சாய்வில் முழுதாகப் படும்படி உட்காருங்கள். பாதங்கள் தரையில் தட்டையாக ஊன்ற வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 43 முதல் 46 செ.மீ. உயரமும் 50 முதல் 55 செ.மீ. ஆழமும் சரிப்படும். உயரத்தை வெறும் இருக்கையில் அளந்தால் ஏமாறுவீர்கள். ஆள் உட்கார்ந்து அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். ஆழம் கூடுதலாக இருந்தால் முதுகுக்கு ஒரு திண்டு வைத்துச் சமாளிக்கலாம். குறைவாக இருந்தால் வழியில்லை, விட்டுவிடுங்கள்.

தலையைச் சாய்த்துப் பாருங்கள். இறக்கை காதுக்கு நேராக வர வேண்டும். தோள்பட்டை இடித்தால் அது உங்களுக்குக் குறுகல். இன்னொன்று, இறக்கைகள் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசும் இடத்தில் போட்டால் கழுத்தைத் திருப்பியே வலிக்கும். வாசிக்கும் மூலைக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி கிடையாது. பின்கால்கள் பெரும்பாலும் பின்னோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் சுவரிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளிப் போட இடம் விடுங்கள். உங்கள் வீட்டு வாசற்படியின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள், 80 செ.மீ. அகல நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டியிருக்கும்.

கவிழ்த்துப் பார்க்கும்போது

ஒரு டார்ச், ஒரு பேனாக்கத்தி, ஒரு கறுப்புத் தாள். இவை போதும். விற்பவரிடம் கேட்டு, அடியில் அடித்திருக்கும் தூசுத்துணியின் ஒரு மூலையை மட்டும் விலக்குங்கள். அனுமதி தர மறுத்தால் விலையைப் பேசவே வேண்டாம்.

முதலில் பூச்சி. மரத்தைத் துளைக்கும் வண்டு வெளியேறிய துளைகள் பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. இருக்கும். துளை இருப்பதே குற்றமல்ல. பழைய பீச் மரச்சட்டத்தில் துளையே இல்லாமல் இருப்பதுதான் அபூர்வம். துளையின் விளிம்பைப் பாருங்கள். மங்கி, அழுக்கேறி இருந்தால் பழைய கதை. விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் வெளிறியும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கறுப்புத் தாளைக் கீழே விரித்துச் சட்டத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். வெளிர் மாவு போல் கொட்டினால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்று கொள்ளுங்கள். துளைகளுக்கு அருகில் கத்தி முனையை லேசாக ஊன்றுங்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, மருந்தடித்தாலும் பலம் திரும்பாது. துணியின் தையல் மடிப்புகளிலும் பொத்தான் குழிகளிலும் மூட்டைப்பூச்சிக்காக ஓர் அட்டையை ஓட்டிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அடுத்து மூட்டுகள். நாற்காலியை நிமிர்த்தி, சமதரையில் வைத்து, எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். பிறகு ஓர் இறக்கையின் மேல்முனையைப் பிடித்து மெதுவாக அசையுங்கள். முழு நாற்காலியும் சேர்ந்து அசைய வேண்டும்; இறக்கை மட்டும் தனியே ஆடக் கூடாது. இந்த வகை நாற்காலியில் அடிக்கடி விட்டுப்போவது இந்த மூட்டுதான். காரணம், பார்ப்பவர் எல்லாம் இறக்கையைப் பிடித்துத் தூக்குகிறார்கள். எப்போதும் இருக்கையின் சட்டத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

ஆட்டம் இருப்பதால் மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். பழைய சட்டங்களைத் துளையில் கழுந்து செருகி, விலங்குப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். தெரிந்த தச்சர் மூட்டைக் கழற்றிச் சுத்தமாக மறுபடி ஒட்டிவிடுவார். தொல்லை எங்கே என்றால், இடையில் யாரோ வெள்ளைப் பசையை ஊற்றி, ஆணி அடித்து, இரும்பு எல் பட்டை வைத்து இறுக்கிய இடத்தில். பழைய பசையை முழுதாகச் சுரண்டாமல் புதுப் பசை பிடிக்காது. கழற்றும்போது ஆணி மரத்தைப் பிளக்கும். அப்படி நாலு இடத்தில் கண்டால் நாற்காலியை விட்டுவிடுவதே நல்லது.

வயதைச் சொல்லும் தடயங்கள்

கால்களின் வடிவம் ஒரு தொடக்கம், அவ்வளவுதான். வளைந்த காலும் தட்டையான வட்டப் பாதமும் குயின் ஆன் பாணி (18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி). பந்தைப் பற்றிய நகப்பாதமும் நேரான சதுரக் காலும் சிப்பன்டேல் பாணி (18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி). கடைசல் காலும் காஸ்டர் சக்கரமும் பெரும்பாலும் விக்டோரிய காலம். ஆனால் இவை எல்லாமே 19, 20ஆம் நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்டவை. அதனால் காலை நம்பாமல் காலின் மேல்நுனியைப் பாருங்கள். நல்ல பழைய நாற்காலியில் முன்கால் ஒரே மரமாக மேலே ஏறி, இருக்கைச் சட்டத்தின் மூலையாகவே நிற்கும். திருகாணியில் தொங்கினால் பிற்காலத்தில் மாட்டியது. பின்காலில் மட்டும் அவசரப்படாதீர்கள்: வெளியே தெரியும் பகுதியை மஹோகனியிலோ வால்நட்டிலோ செய்து, துணிக்குள் மறையும் பகுதியை மலிவான மரத்தில் ஒட்டுப்போடுவது அந்தக் காலத்துத் தச்சர்களின் வழக்கம். அந்த ஒட்டு பழுது அல்ல.

சுருள் ஸ்பிரிங் மெத்தை வேலையில் பரவியது 1820களுக்குப் பிறகு. ஆகவே 18ஆம் நூற்றாண்டு நாற்காலி என்று சொல்லி அடியில் ஸ்பிரிங் தெரிந்தால், மெத்தை பிற்காலத்தது என்பது நிச்சயம், சட்டம் பழையதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகாணி 1930களில்தான் வந்தது. எல்லாவற்றையும்விட நான் நம்பச் சொல்வது ஆணித்துளைகளை. இருக்கைச் சட்டத்தின் ஓரத்தில் துணியைச் சற்றுத் தூக்கினால், பழைய மரத்தில் துளைகள் வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். ஒரே வரிசை ஸ்டேப்ளர் பின்னும், அதன் கீழே மழமழவென்ற மரமும் இருந்தால் இருநூறு வருடக் கதையை நம்ப வேண்டாம்.

20ஆம் நூற்றாண்டுப் பொருள்களுக்கு வேறு கண் வேண்டும். பார்க்கர் நோல் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் நாற்காலிகளில் இருக்கைக்குக் குறுக்கே இழுத்து மாட்டிய ஸ்பிரிங்குகள் இருக்கும். தொய்ந்தவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். டேனிஷ் வடிவமைப்பாளர்கள் ஹான்ஸ் வெக்னரின் 1951 பாப்பா பேர், ஆர்னே யாக்கோப்சனின் 1958 எக் ஆகிய நாற்காலிகள் இறக்கை நாற்காலியின் நவீன வாரிசுகள். இரண்டுக்கும் நகல்கள் ஏராளம் என்பதால், தயாரிப்பாளர் முத்திரையும் வாங்கிய வரலாறும் இல்லாமல் அசலுக்கான விலை கொடுக்காதீர்கள்.

துணிக்குக் கீழே, துணிக்கு மேலே

இருக்கையை உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். குதிரை முடி நிரப்பியது துள்ளி எழும். அழுத்தும்போது மொறுமொறுவென்று ஒலித்து, கீழே மஞ்சள் தூள் உதிர்ந்தால் ஃபோம் மட்கிவிட்டது. குதிரை முடியை உதறி, கழுவி, பிரித்து மறுபடி பயன்படுத்தலாம். வேலைக்குக் கொடுக்கும்போதே “முடியைத் தூக்கிப் போட வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஃபோம்தான் வரும். தோல் உறையில் விரலை ஓட்டினால் செம்பழுப்புத் தூள் ஒட்டுகிறதா? அந்தத் தோலை எந்த எண்ணெயும் மீட்காது, மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

புதுத் துணிக்கு 137 செ.மீ. அகலத்தில் 6 முதல் 7 மீட்டர் பிடிக்கும். பெரிய பூ வேலைப்பாடு என்றால் ஒன்றிரண்டு மீட்டர் கூட வேண்டும், ஏனென்றால் பூவின் நடு சாய்விலும் இருக்கையிலும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இரு இறக்கைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல் அமைய வேண்டும். வெட்டுவதற்கு முன் துணியை நாற்காலிமேல் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். தேய்மானத்தைச் சொல்லும் மார்ட்டின்டேல் எண் 20,000க்குக் குறையாத துணியாகப் பார்த்து எடுங்கள். முதலில் நைவது கைப்பிடியின் முனைதான், அதற்காக அரை மீட்டர் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துணியை உரிக்கும் அன்று நீங்களும் பட்டறையில் இருங்கள். முழுச் சட்டமும் கண்ணுக்குத் தெரியும் ஒரே சந்தர்ப்பம் அது. மூட்டுகளை மறுபடி ஒட்டுவதும், பூச்சிமருந்து தடவுவதும், சல்லடையாகிப்போன ஆணித்துளைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பதும், இருக்கையை அடியில் தாங்கும் வெப்பிங் பட்டை ஏறுவதற்கு முன்பே முடிய வேண்டும். அடைக்காத மரத்தில் புது ஆணி பிடிக்காது. பட்டை ஒரே வருடத்தில் தளர்ந்து இருக்கை நடுவில் குழி விழும்.