வேப் கருவியின் வெப்பநிலை: எங்கே நிறுத்துவது, ஏன்

வேப் எனப்படும் இ-சிகரெட்டுக்குப் பாதுகாப்பான வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. சூட்டைக் குறைத்தால் தீங்கு குறையும், அவ்வளவுதான். சிகரெட் பழக்கம் இல்லாதவர் இதைத் தொடவே வேண்டாம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதன் விற்பனை, இறக்குமதி, சேமிப்பு எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். பிரிட்டன் போல அனுமதியுள்ள நாடுகளில், சிகரெட்டை விடுவதற்காக இதற்கு மாறியவர்களுக்கே இந்தக் குறிப்புகள்.

திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். ஆய்வகச் சோதனையில் 215 டிகிரியிலிருந்தே இரண்டும் சிதைந்து ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் கணிசமாக வெளிவந்தன. 270-ஐத் தொட்டால் கிளிசரினிலிருந்து அக்ரோலினும் வரும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்குவது. அக்ரோலின் மூச்சுக்குழாயை அரிக்கும். ஆகவே 190-இல் தொடங்குங்கள், 210-ஐத் தாண்டாதீர்கள்.

திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. பெரும்பாலான கருவிகளுக்குள் வெப்பமானி கிடையாது. காயில் (coil), அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள், சூடாகும்போது அதன் மின்தடை எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. காந்தல் (Kanthal) என்ற இரும்புக் கலவைக் கம்பியில் தடை ஏறுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் அதில் இந்தக் கணக்கு செல்லாது. நிக்கல், டைட்டானியம், 316 வகை எஃகு ஆகியவற்றில் செல்லும். ஆனால் எஃகுக் காயிலைப் போட்டுவிட்டு மெனுவில் நிக்கல் என்று தேர்ந்தெடுத்தால் ஆபத்து: நிக்கலின் தடை எஃகைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும், அந்த ஏற்றத்தை எதிர்பார்த்துக் கருவி சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். கருவி கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளும் குளிர்ந்த காயிலின் தடையையும், காயில் நன்றாக ஆறிய பிறகே பதியுங்கள். சூடாக இருக்கும்போது பதிந்தால் உண்மையான வெப்பம் திரையைவிட அதிகமாகிவிடும்.

வெப்பநிலையை வைக்க முடியாத, வாட் மட்டும் உள்ள கருவியா? காயில்மேல் அச்சிட்ட வரம்பின் கீழ் எல்லையிலேயே வையுங்கள்.

எண்களைவிட முக்கியம், திரவத்தை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கும் பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்வது. புதுக் காயிலின் பஞ்சில் சில துளி விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஒரு இழுப்பு இரண்டு மூன்று நொடி போதும். அடுத்ததற்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். கிளிசரின் 70 சதவீதம் உள்ள கெட்டித் திரவம் பாட் (pod) எனும் சிறிய கருவிகளில் பஞ்சுக்குள் சரியாக இறங்காது. அங்கே பாதிக்குப் பாதி கலவையே சரி. தொண்டையைப் பிடிக்கும் கருகல் சுவை வந்த நொடியே நிறுத்துங்கள். கருகிய பஞ்சு சூட்டைக் குறைப்பதால் தேறாது, காயிலையே மாற்றத்தான் வேண்டும்.

சூட்டையும் நிகோடின் அளவையும் ஒரே நேரத்தில் குறைக்காதீர்கள். உடம்பு கேட்கும் நிகோடினுக்காக நீளமாக, அடிக்கடி இழுப்பீர்கள், பஞ்சு மறுபடி காயும்.

திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை வெப்பநிலை மாற்றாது. அமெரிக்காவில் 2019-இல் தொடங்கிய நுரையீரல் பாதிப்பு, 2020 பிப்ரவரிக்குள் 68 உயிர்களைக் குடித்தது. முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். பெயர் தெரியாத குப்பி எதுவும் வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சலோடு இருமல் அல்லது வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வேப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.