கட்டட விதிகளைத் தேடுவதிலும் படிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சென்னைக் கடற்கரையை ஒட்டிய நீலாங்கரையில் ஒரு வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். மறுநாள் காலை தளம் போடுவதாக ஏற்பாடு. கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். குனிந்து பார்த்தால் கம்பிக்கும் செண்ட்ரிங் தகட்டுக்கும் நடுவே இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக் இல்லை, உடைந்த ஜல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். டேப்பை விட்டு அளந்தேன். ஓரிடத்தில் 18 மில்லிமீட்டர், அடுத்த இடத்தில் 11. வேலையைக் கவனிக்கும் பையன் படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. "அப்ரூவல் எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று கோப்பை எடுத்து நீட்டினான்.

2004இல் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அனுமதி வாங்காமல் கட்டுவது, அங்கீகாரமில்லாத மனையை வாங்குவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். விதியைப் பார்த்துத்தான் கட்டுகிறோம் என்று நம்புகிறவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதே என் கவலை.

பழைய ஜெராக்ஸை நம்புவது

பல அலுவலகங்களில் இன்னும் ஒரு நைந்த ஜெராக்ஸ் கட்டு இருக்கிறது. ஊராட்சிப் பகுதிக்கு 1997ஆம் ஆண்டு விதிகள், நகராட்சிக்கு 1972ஆம் ஆண்டு விதிகள். ஒரு காலத்தில் எங்களுக்கு அவைதான் எல்லாமே. 2019 பிப்ரவரி 4 அன்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்த பிறகு சென்னை, மாநகராட்சிகள், பேரூராட்சி, கிராம ஊராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே புத்தகம்தான். சாதாரணக் கட்டடத்துக்கான எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5இலிருந்து 2 ஆனது இந்தப் புத்தகத்தில்தான். பழைய கணக்கில் வரைபடம் போட்டுக் கொடுத்து, கட்டக் கிடைத்த இடத்தைக் கட்டாமல் விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

2019 புத்தகத்தை இறக்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. அதன்பின் அரசாணை அரசாணையாகத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. விதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்குக் கடைசியாக வந்த திருத்தம் எது என்று நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தளத்திலோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) தளத்திலோ பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பக்க அட்டவணையில் எந்தத் திருத்தம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று இருக்காது.

பக்கத்து வீட்டைப் பார்த்து இடம் விடுவது

அவர் எந்த வருடம், எந்த விதியில் கட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது.

அட்டவணையை மட்டும் படிப்பது

"முன்னாடி எவ்வளவு விடணும் சார்?" என்று போனில் கேட்கிறார்கள். முன்பக்கம் விட வேண்டிய இடம் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் விட வேண்டியது கட்டடத்தின் உயரத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்தது. இந்த மூன்று அளவும் கையில் இல்லாமல் அட்டவணையில் விரல் வைக்கவே முடியாது. சாலை அகலத்தைப் பத்திரத்தில் பார்த்து எழுதுகிறார்கள். பத்திரம் 23 அடி என்று சொல்லும், எதிர்வீட்டுப் படிக்கட்டு நான்கு அடியை விழுங்கியிருக்கும். அந்தச் சாலைக்கு அகலப்படுத்தும் திட்டம் இருந்தால் முன்பக்க இடத்தை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதே மாறிப்போகும்.

உயரமும் அப்படித்தான். மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் இவற்றையெல்லாம் உயரத்தில் சேர்ப்பதா விடுவதா என்பது வரையறைப் பகுதியில்தான் இருக்கிறது. புத்தகத்தின் முதல் சில பக்கங்கள் அவை, யாரும் படிக்காத பக்கங்களும் அவைதான். நான் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் அந்த வரையறைகளைத் தவிர வேறு எதையும் கொடுப்பதில்லை.

அப்ரூவல் வந்துவிட்டதால் விதி பார்க்கும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

அனுமதி கொடுக்கும் அலுவலகம் எத்தனை அடி இடம் விட்டீர்கள், எவ்வளவு பரப்பு, எவ்வளவு உயரம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்று பார்க்கும். உங்கள் சிட்-அவுட் தளத்தில் கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்று அங்கிருந்து ஒருவரும் வந்து குனிந்து பார்ப்பதில்லை. அது வேறு புத்தகம், ஐ.எஸ். என்னும் இந்தியத் தரநிலைகள். ஐ.எஸ். 456 கான்கிரீட்டுக்கு, ஐ.எஸ். 875 காற்றுக்கும் மற்ற சுமைகளுக்கும், ஐ.எஸ். 1893 நிலநடுக்கத்துக்கு. மாநில விதிகள் கட்டமைப்புப் பாதுகாப்புக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பைக் கைகாட்டும், அது இந்தப் புத்தகங்களைக் கைகாட்டும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கண்ணி வரை போகிறவர்கள் குறைவு.

2004இல் நான் தனியாக எடுத்த முதல் வேலை, கடலிலிருந்து 700 மீட்டரில், ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியருக்கு. அவருடைய பி.எஃப். பணம் முழுவதும் அந்த வீட்டில்தான். நான் ஐ.எஸ். 456ஐப் படிக்காமல் கட்டவில்லை. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு மேசையிலேயே இருந்தது. கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், அதற்கான அட்டவணையைத் திறந்தேன், மைல்டு வரிசையில் 20 மில்லிமீட்டர். கீழே ஒரு குறிப்பு: 12 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பி என்றால் 5 குறைத்துக்கொள்ளலாம். ஆக 15. கல்லூரியில் 1978ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்து நடத்திய பாடத்திலும் தளத்துக்கு 15தான். இரண்டும் பொருந்தியதும் மனம் நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது.

அந்த அட்டவணைக்கு முன்பாக இன்னொரு அட்டவணை இருக்கிறது. கட்டடம் எந்தச் சூழலில் நிற்கிறது என்று கேட்பது அது. மைல்டு, மாடரேட், சிவியர், வெரி சிவியர், எக்ஸ்ட்ரீம் என்று ஐந்து வகை. கடற்கரைச் சூழலுக்குத் திறந்து கிடக்கும் கான்கிரீட் சிவியர் வகை. அதற்குக் கவர் 45 மில்லிமீட்டர், கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம்30, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது. நான் போட்டது 15 மில்லிமீட்டரும் எம்20உம். 5 மில்லிமீட்டர் குறைக்கலாம் என்ற அந்தக் குறிப்பு மைல்டு வகைக்கு மட்டும்தான். கடலை வாசலில் வைத்துக்கொண்டு நான் மைல்டு வரிசையைப் படித்திருந்தேன்.

ஒன்பது வருடம் கழித்து அவர் போன் செய்தார். சிட்-அவுட் மேல்தளத்தின் அடிப்பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து, பேரனின் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் விழுந்திருந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். 8 மில்லிமீட்டர் கம்பி கையோடு உதிர்ந்தது, செங்கல் பொடி மாதிரி. உப்புக் காற்று மெல்லிய கான்கிரீட்டைத் தாண்டிக் கம்பியைத் தொட்டுவிட்டது. துரு, கம்பி இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்திருந்தது. கீழே நின்றுகொண்டு அவர், "தம்பி, நீங்க புக்கு பார்த்துத்தானே கட்டுனீங்க?" என்றார். திட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலவை அடித்து முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. அந்தச் செலவில் 2004இல் அந்தத் தளத்தை இரண்டு முறை போட்டிருக்கலாம். முழுவதையும் நான்தான் கொடுத்தேன்.

நீலாங்கரைப் பையனுக்கு நான் முதலில் சொன்னது, கவர் பிளாக்கை மட்டும் மாற்றிவிட்டுத் தளத்தைப் போட்டுவிடாதே என்பது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த அவசரத்தில் இறங்க வேண்டாம். 125 மில்லிமீட்டர் தளத்தில் கம்பியை 30 மில்லிமீட்டர் மேலே தூக்கினால் தளத்தின் பலம் கணிசமாகக் குறையும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடிலும் பால்கனியிலும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அங்கே மேலே கவரைக் கூட்டுகிறேன் என்று கம்பியை அமுக்கினால் அது விழுந்தே போகலாம். சூழல் வகையை டிசைன் தொடங்கும் முன்பே பொறியாளரிடம் சொல்ல வேண்டும். தளத்தின் கனம் அதற்கேற்ப மாறும், கம்பியும் மாறும். அந்த வீட்டில் கான்கிரீட்டை நிறுத்தி, டிசைனைத் திருப்பி அனுப்பி, எட்டு நாள் கழித்துப் போட்டோம். வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. மேஸ்திரி, "இருபது வருஷமா இப்படித்தான் சார் போடுறோம்" என்றார். அவர் இருபது வருடத்துக்கு முன் போட்ட தளங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். மறுநாள் வந்தார்.

தண்ணீரையும் விடாதீர்கள். 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். எம்-சாண்டில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். கலவை இளகவில்லை என்று ஒரு பக்கெட் சேர்த்து ஊற்றினால், 45 மில்லிமீட்டர் கவர் இருந்தும் உப்பு உள்ளே போய்விடும்.

ஒன்பது அங்குலத் தூண்

சுவர் ஒன்பது அங்குலம், அதனால் தூணும் ஒன்பது அங்குலம், வெளியே துருத்தக் கூடாது. இப்படித்தான் ஊரெல்லாம் கட்டுகிறோம். நிலநடுக்கத்துக்கேற்பக் கம்பி அமைப்பதற்கான ஐ.எஸ். 13920இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, தூணின் சிறிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஒன்பது அங்குலம் 230தான். நிலநடுக்க வரைபடத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சென்னை, ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போய்விட்டது. அலமாரி வைக்கும் மூலையில் மூன்று அங்குலம் துருத்தினால் என்ன குறைந்துவிடும்?

"ஷல்" என்பதையும் "மே" என்பதையும் ஒன்றாகப் படிப்பது

விதியின் ஆங்கில வாசகத்தில் ஷல் (shall) என்றால் கட்டாயம், மே (may) என்றால் செய்யலாம்.

பதிப்பைப் பார்க்காமல் இறக்குவது

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் ஐ.எஸ். தரநிலைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியிருக்க, எங்கிருந்தோ வந்த மங்கலான பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு ஏன் வேலை செய்ய வேண்டும்? எண்ணுக்குப் பின்னால் உள்ள வருடத்தைப் பாருங்கள். திருத்தத் தாள்கள் தனியாக இருக்கும், அவற்றையும் சேர்த்து எடுங்கள்.

சுய சான்று என்றால் விதி தளர்ந்துவிட்டது என்று எண்ணுவது

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே சுய சான்று அளித்து உடனே அனுமதி வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். முன்பு ஓர் அதிகாரி கண்ணில் பட்டுத் திரும்பி வந்த தவறு, இனி சுவர் எழும்பிய பிறகுதான் தெரியவரும்.

மழைநீர் சேகரிப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

2003இலிருந்து கட்டாயம். குழியை அஸ்திவாரத்தோடு தோண்டுங்கள்.

மீட்டரை அடியாக்கும்போது

விதி மீட்டரில் பேசும், மேஸ்திரி அடியில் பேசுவார். "ஒன்றரை மீட்டரா, நாலரை அடி" என்று வாயால் சொல்லிக் கயிறு கட்டிவிடுகிறார்கள். ஒன்றரை மீட்டர் 4 அடி 11 அங்குலம். அங்கேயே ஐந்து அங்குலம் போயிற்று. செங்கல் முகத்திலிருந்து அளந்திருந்தால் வெளிப்பூச்சு இன்னும் முக்கால் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மனையைச் சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள். அந்தக் கல்லிலிருந்து பூச்சு முகம் வரை மீட்டர் டேப்பில் அளந்து, மார்க்கிங் அன்று நீங்களே நின்று பாருங்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் சுண்ணாம்புக் கோட்டை அழித்துப் போட அரை மணி நேரம் போதும்.