வயிற்று மந்தத்துக்கு ஊசி: ரத்தத்தில் என்ன மாறுகிறது என்று ஆராயும் முறை

மதுரைப் பக்கம் வயிறு எரிந்தாலும் "அல்சர்", உப்பினாலும் "அல்சர்", தின்றது இறங்காவிட்டாலும் "அல்சர்"தான். அக்குபஞ்சர் ஊசி போட்டால் ரத்தத்திலுள்ள சிறு வேதிப்பொருட்கள் மாறுகின்றனவா என்று பார்க்கும் ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது முதல் சறுக்கல் இந்தச் சொல்லில். அதை அப்படியே எழுதிக்கொண்டால், இரைப்பையில் புண் உள்ளவரும் எண்டோஸ்கோபியில் எதுவுமே தெரியாதவரும் ஒரே குழுவில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊசி செய்த வேலை எது, நோயின் வேறுபாடு எது என்று பிறகு பிரிக்க முடியாது.

அதனால் செயல்சார் அஜீரணம் என்ற ஒரே கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த, வயிறு குடல் கோளாறுகளுக்கான ரோம் 4 என்ற சர்வதேச வரையறைப்படி, சாப்பிட்டபின் வயிறு கனப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, மேல்வயிற்றில் வலி, மேல்வயிற்றில் எரிச்சல் ஆகியவற்றில் ஒன்றாவது தொந்தரவு தரும் அளவுக்குக் கடந்த 3 மாதமாக இருக்க வேண்டும். தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எண்டோஸ்கோபியில் காரணம் தெரியக்கூடாது. நெஞ்சுக்கரிப்பு இந்தப் பட்டியலில் இல்லை. வினாத்தாளை ஏட்டுத் தமிழில் படித்துக் காட்டாமல், "ரெண்டு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நெறைஞ்சிருதா?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

மலம் கருப்பாகப் போவது, ரத்த வாந்தி, விழுங்க முடியாமை, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் ஆய்வில் சேர்க்காமல் உடனே இரைப்பைக் குடல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை யூரியா மூச்சுப் பரிசோதனையில் பார்ப்பதானால், அமிலம் குறைக்கும் பான்டபிரசோல் வகை மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், மருத்துவர் ஒப்புதலோடுதான். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்ததும், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் ஆள் சேர்த்தபின் பதிய வழியில்லை.

ஊசியும் பாவனை ஊசியும்

முன்னோட்ட ஆய்வுக்குக் குழுவுக்கு 12 பேர் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. ஒரு குழுவுக்கு நிஜ ஊசி, இன்னொன்றுக்குத் தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் மடங்கிப்போகும் பாவனை ஊசி. யாருக்கு எது என்பது ஒளி ஊடுருவாத உறைக்குள் இருக்கட்டும். ரத்தம் எடுப்பவருக்கும் ஆய்வகத்தாருக்கும் அது தெரியவே கூடாது.

மூன்று அக்குபஞ்சர் புள்ளிகள் போதும்; எழுத்தும் எண்ணும் அவற்றின் குறியீடு. எஸ்.டி. 36, முழங்காலுக்குக் கீழே நோயாளியின் நான்கு விரல் அகலம் இறங்கி, கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம். பி.சி. 6, மணிக்கட்டு மடிப்பிலிருந்து 2 சுன் (ஒரு சுன் நோயாளியின் கட்டைவிரல் அகலம்) மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே. சி.வி. 12, தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் கீழ்முனைக்கும் நடுமையம். 0.25 மி.மீ. தடிமன் உள்ள, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசி, 30 நிமிடம், வாரம் 3 முறை, 4 வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒல்லியானவருக்கு சி.வி. 12-இல் ஆழமாகப் போனால் வயிற்றறைக்குள் இறங்கிவிடும். ஆழத்தை ஆளுக்கேற்பக் குறையுங்கள். ஊசியின் நீளம், ஆழம், எத்தனை ஊசி, கனக்கும் உணர்வு வந்ததா, எவ்வளவு நேரம் வைத்தது என எல்லாம் ஸ்டிரிக்டா என்ற, அக்குபஞ்சர் ஆய்வுகளுக்கான விவரப் பட்டியல்படி பதிவாக வேண்டும். கழித்த ஊசி துளையாத வெள்ளைப் பெட்டிக்குள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஊசியே போடாமல் விரலால் தொடும் அக்குபஞ்சருக்கு இங்கே பலர் போய் வந்திருப்பார்கள். அவர்களுக்குத் தொட்டாலே சிகிச்சைதான்; பாவனை ஊசியும் முழு நம்பிக்கையோடு வேலை செய்யும். "பசித்தால் மட்டும் சாப்பிடு" போன்ற உணவு அறிவுரைகளையும் கையோடு வாங்கி வந்திருப்பார்கள். முன் அனுபவத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அக்குபஞ்சரே பாராதவர்களைச் சேருங்கள். 4 வாரம் முடிந்ததும் "உங்களுக்கு எந்த ஊசி போட்டதாக நினைக்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் விட்டுவிட வேண்டாம்.

மாதிரி எடுக்கும் காலை

ஆய்வு நிற்பதும் சரிவதும் இந்த ஒரு காலையில்தான். ஊசியால் ரத்தத்தில் வரக்கூடிய மாற்றம் சிறியது. முந்தின இரவுச் சாப்பாடு அதைவிடப் பெரிய தடம் விடும். கடல் மீன் சாப்பிட்டால் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருள் ஏறும். காபி ஹிப்பூரேட் என்ற பொருளைக் கூட்டும். வெற்றிலை பாக்கு அரிகோலின் என்ற பாக்குச் சத்தையும் அதன் சிதைவுப் பொருட்களையும் விட்டுச்செல்லும். தலைவலிக்குப் போட்ட ஒரு பாராசிட்டமால் கருவி தரும் வரைபடத்தில் தனிச் சிகரமாகவே நிற்கும்.

ஆகவே முந்தின இரவு 8 மணிக்குள் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு: 4 இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. ஆய்வுக்குழுவே பொட்டலம் கட்டிக் கொடுப்பது நல்லது; கடையில் வாங்கச் சொன்னால் பரோட்டாவும் சால்னாவும் உள்ளே நுழைந்துவிடும். மீன், கறி, காபி, வெற்றிலை 2 நாள் முன்பிருந்தே கூடாது. அதன்பின் தண்ணீர் மட்டும். காலை 7 முதல் 8 மணிக்குள் ரத்தம். சித்திரைத் திருவிழா வாரத்தில் மாதிரி நாளே வைக்காதீர்கள்: இரவு விழிப்பு, வெயில், பானகம், நீர்மோர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

உசிலம்பட்டியிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வந்து, ஆரப்பாளையத்தில் இறங்கி வேகமாக நடந்து வருபவரின் ரத்தத்தில், தசை உழைப்பில் உண்டாகும் லாக்டேட் கூடியிருக்கலாம். 30 நிமிடம் உட்காரவைத்துவிட்டு எடுங்கள். கைக்கட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கக்கூடாது. விரல்களை மூடித் திறக்கச் சொல்லவும் வேண்டாம்.

ரத்தம் எடுத்த பிறகு சாப்பிடவைத்து, அதன்பிறகுதான் ஊசி. வெறும் வயிற்றோடு ஊசி குத்தினால் மயங்கி விழுபவர்கள் உண்டு. கடைசி மாதிரியை 12-வது முறை ஊசி போட்டு முடிந்து 2 நாள் கழித்து எடுங்கள். அன்றைக்கே எடுத்தால் தெரிவது குத்திய நேரத்துப் பதற்றமாக இருக்கலாம்.

4 மி.லி. ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, மெதுவாக 8 முறை கவிழ்த்து, பனிக்கட்டியில் வைத்து, 30 நிமிடத்துக்குள் 4 டிகிரியில் 2,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 2,000 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். வெளியே கிடந்தால் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டாக்கிக்கொண்டே இருக்கும். மதுரை வெயிலில் இன்னும் வேகமாக. மேலே பிரியும் பிளாஸ்மா நீர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. அந்த மாதிரியை ஒதுக்குங்கள். மீதியை 200 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக்கூடாது. பங்கு போடுவதே அதற்காகத்தான். உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பும் வெப்பநிலைப் பதிவும் கட்டாயம். கருவி வெளியூரில் இருந்தால் தெர்மோகோல் பெட்டியில் நாளொன்றுக்கு 5 முதல் 10 கிலோ உலர்பனி என்று கணக்குப் போடுங்கள்.

கருவியும் கணக்கும்

காந்தப்புலத்தில் வைத்து வேதிப்பொருட்களை அளக்கும் என்.எம்.ஆர். கருவி திரும்பத் திரும்ப ஒரே விடை தரும், ஆனால் குறைந்த அளவில் உள்ள பொருட்களைப் பிடிக்காது. பொருட்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் எல்.சி.–எம்.எஸ். நுணுக்கமானது, ஆனால் மாதிரிகள் ஓட ஓட அதன் அளவீடு நழுவும். இரண்டாவதைத் தேர்ந்தால், ஒரு பங்கு பிளாஸ்மாவுக்கு மூன்று பங்கு குளிர்ந்த மெத்தனால் விட்டுப் புரதத்தை வீழ்படிவாக்கி மேலே நிற்கும் தெளிநீரை எடுக்கவும். எல்லா மாதிரிகளிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொதுக்கலவையை 8 அல்லது 10 ஓட்டத்துக்கு ஒருமுறை செலுத்துங்கள். அந்தக் கலவையிலேயே 30 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும் பொருளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒருவரின் முன்மாதிரியும் பின்மாதிரியும் ஒரே நாளில் ஓடட்டும். குழுக்களின் வரிசையைக் கலைத்துப் போடுங்கள்.

டிரிப்டோபான் பாதை, பித்த அமிலங்கள், கோலின் சார்ந்த கொழுப்புகள், கிளை அமினோ அமிலங்கள் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். உடலின் செரோடோனினில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது, அதன் மூலப்பொருள் டிரிப்டோபான் என்பதால் அந்தப் பாதைக்குக் காரணம் உண்டு. ஆனால் வண்ணப் படத்தில் இரண்டு கொத்துகள் அழகாகப் பிரிந்ததைக் கண்டு மயங்க வேண்டாம். 24 பேரும் ஆயிரக்கணக்கான சிகரங்களும் இருந்தால் ஓ.பி.எல்.எஸ். என்ற, குழுக்களைப் பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறை எதையும் பிரித்துக் காட்டும். குழுப் பெயர்களை மாற்றி மாற்றி ஒட்டிச் சோதியுங்கள். அப்போதும் பிரிந்தால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. ஒப்பிட வேண்டியது நிஜக் குழுவின் மாற்றத்தையும் பாவனைக் குழுவின் மாற்றத்தையும். நிஜக் குழுவின் முன்பின்னை மட்டும் காட்டினால், அதில் 4 வாரக் கவனிப்பும் சேர்ந்தே இருக்கிறது. மாறிய பொருளை, அதே பொருளின் தூய வடிவத்தோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்தாதவரை அதன் பெயருக்குப் பக்கத்தில் "உத்தேசம்" என்றே எழுதுங்கள்.