வீட்டுக் கேமரா பிராண்டுகளை ஒப்பிடும்போது கோட்டை விடும் இடங்கள்

போன வாரம் தங்கை மகன் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். ஏழு பிராண்டு, பதினோரு பத்தி. மெகாபிக்சல், கோணம், விலை, ஸ்டார் ரேட்டிங், வாரண்டி என்று வரிசையாக நிரப்பி, அதிக மார்க் வாங்கியதற்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தான். "மாமா, இதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். முதல் கேமரா வாங்குவதற்கு முன்னால் நான் நோட்டில் போட்ட கட்டம் கண்முன் வந்து நின்றது. அதே பத்திகள், அதே வரிசை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர், நண்பர் என்று நிறைய வீடுகளில் கேமரா மாட்டிவிட்டேன். புதிதாக வாங்கும் ஒவ்வொருவரும் நான் விழுந்த குழியிலேயே விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெயில் நேராக லென்சில் படாமல் மாட்டுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெகாபிக்சலை வைத்து முடிவெடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தீராத தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வாசலுக்கு 8 மெகாபிக்சல் கேமரா மாட்டினேன். பகலில் படம் பளிங்கு மாதிரி இருந்தது. எதிர்ச் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பெரிதாக்கிப் பார்த்து வீடே சந்தோஷப்பட்டது. நான்கு மாதம் கழித்து ஒரு ராத்திரி, மணி இரண்டே முக்கால், ஒருவன் கேட்டைத் திறந்து வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். காலையில் பதிவை ஓட்டிப் பார்த்தேன். சுவரோரம் நின்ற சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேட்டுத் தாழ்ப்பாளில் பெயின்ட் உரிந்த இடம் தெரிகிறது. அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் உருகின மெழுகு போல ஒரு வெள்ளைத் தீற்றல். பதினெட்டு நொடிப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கண் எது, மூக்கு எது என்று பிரிக்க முடியவில்லை. காவல் நிலையத்தில் போனை வாங்கி மூன்று தடவை பார்த்த அதிகாரி, "ஆள் உயரம் தெரியுது சார், வேற ஒண்ணும் தெரியலையே" என்று திருப்பிக் கொடுத்தார்.

நின்ற சைக்கிள் படத்தில் தெளிவாக விழுந்ததும், நடந்த ஆள் கலங்கிப் போனதும் ஒரே காரணத்தால்தான். வெளிச்சம் குறையக் குறைய கேமரா தன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். மனிதனின் சாதாரண நடை நொடிக்கு 1.4 மீட்டர். ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்தால், குறுக்கே நடக்கும் ஆள் அதற்குள் 4.7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். முகத்தின் அகலமே சுமார் 15 சென்டிமீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு முகம் இழுபட்டுப் போகிறது. மெகாபிக்சலை எவ்வளவு ஏற்றினாலும் அந்த இழுபறியைத்தான் கூடுதல் நுணுக்கமாகப் பதிவு செய்யும். ஷட்டரை 1/100 நொடிக்குக் கொண்டுவந்தால் நகர்வு 1.4 சென்டிமீட்டராகக் குறையும், முகம் மிஞ்சும். ஆனால் அந்தச் சின்ன நேரத்தில் போதிய வெளிச்சம் உள்ளே போக வேண்டுமே! பெரிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு), அகலமாகத் திறக்கும் லென்ஸ், நல்ல ஐஆர் விளக்கு (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்) மூன்றும் இருந்தால்தான் அது நடக்கும். பிராண்டுக்குப் பிராண்டு உள்ள நிஜமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் சென்சார் அளவை 1/1.8 அங்குலம், 1/2.8 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். கீழே இருக்கும் எண் சிறிதானால் சென்சார் பெரிது. முதலாவதன் பரப்பு இரண்டாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பக்கத்திலேயே எஃப் எண் இருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதன் அளவு அது; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். எஃப்2.0 லென்ஸ் விடும் வெளிச்சத்தைவிட நான்கு மடங்கு எஃப்1.0 லென்ஸ் விடும். சின்ன சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு பிக்சலின் பங்குக்கு வரும் வெளிச்சம் சுருங்கிவிடுகிறது. பெரிய சென்சாரில் இருக்கும் 4 மெகாபிக்சல் ராத்திரியில் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கோணமும் இதோடு சேர்ந்ததுதான். தங்கை மகன் அகலமான கோணத்துக்கு அதிக மார்க் போட்டிருந்தான். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது. ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். 2.8 மி.மீ. லென்ஸ் போட்ட 4 மெகாபிக்சல் கேமரா ஏறத்தாழ 100 டிகிரி பார்க்கும். 5 மீட்டர் தள்ளி அதன் பார்வை கிட்டத்தட்ட 12 மீட்டர் அகலம். படத்தின் அகலமான 2560 பிக்சலை 12 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 213தான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியும், திருடனைத் தெரியாது. அதே கேமராவை 6 மி.மீ. லென்சோடு வாங்கினால் அதே தூரத்தில் பார்வையின் அகலம் 5 மீட்டருக்குக் குறைவு, மீட்டருக்கு 500 பிக்சலைத் தாண்டிவிடும். முகம் வேண்டிய இடத்தில் குறுகிய கோணம்தான் வேலை செய்யும். மொத்த முற்றமும் தெரிய வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு கேமரா.

"ராத்திரியிலும் கலர்" என்று விளம்பரம் செய்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது நிறுத்தி வைத்த காரையும் பூச்செடியையும்தான். நடக்கிற ஆளைக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் போதாத இடத்தில் ஷட்டரை நீட்டி, இருட்டில் படத்தில் விழும் புள்ளிகளை மென்பொருளால் துடைத்துத்தான் அந்தக் கலர் வருகிறது. ஆள் பின்னால் நிழல் மாதிரி ஒரு வால் நீளும்.

அதனால் தங்கை மகனிடம் ஷீட்டை மூடச் சொன்னேன். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு இரண்டு பிராண்டில் ஒவ்வொன்று வாங்கு. மாட்டப்போகிற உயரத்திலேயே கயிற்றால் கட்டு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் யாரையாவது வழக்கமான வேகத்தில் குறுக்கே நடக்கச் சொல். லைவில் பார்க்காதே, சேமித்த பதிவை எடுத்து, நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கிப் பார். அப்படியே ஷட்டர் வேகத்தை நாமே குறிக்க ஆப்பில் இடம் இருக்கிறதா என்றும் தேடு. பல வைஃபை கேமராக்களில் அந்த இடமே கிடையாது.

மூன்றாம் நாள் கூப்பிட்டான். பச்சை பூசிய பிராண்டில் அவன் அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. ஷீட்டில் ஐந்தாவதாக இருந்த 4 மெகாபிக்சல் கேமராவில் மூக்குக்கண்ணாடியின் காது வளைவு வரை தெரிந்ததாம்.

சந்தா நின்றால் மிஞ்சுவது என்ன?

கேமராவின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பதிவுகளை நிறுவனத்தின் சர்வரில் (கிளவுடில்) சேமிக்கக் கட்டும் ஐந்து வருடச் சந்தாவைச் சேர்த்துக் கூட்டுங்கள். அதைவிட முக்கியமாக, சந்தா கட்டாத கேமரா எதையெல்லாம் செய்யும் என்று பாருங்கள். சில பிராண்டுகளில் லைவ் மட்டும்தான் மிஞ்சும்; நேற்று நடந்ததைப் பார்க்க வழி இருக்காது. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே பதிவாகிறதா என்று சோதிப்பது பத்து நிமிட வேலை.

ஆன்விஃப் என்ற சொல்லை நம்பிவிடுவது

வெவ்வேறு நிறுவனத்தின் கேமராவும் ரெக்கார்டரும் பேசிக்கொள்வதற்காக ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் 2008-இல் தொடங்கியது ஆன்விஃப். பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் போதாது. ஆன்விஃப் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் அங்கீகாரம் உண்டா என்று தெரிந்துவிடும். எச்.265 (வீடியோவை இன்னும் சுருக்கிச் சேமிக்கும் முறை) பதிவு வேண்டுமென்றால் ஆன்விஃபின் புரொஃபைல் டி (ஆங்கில T) இருக்கிறதா பாருங்கள்.

பழைய சம்பவங்களைத் தேடாமல் விடுவது

இது உங்கள் வீட்டுக்குள் பார்க்கும் கண். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. 2022-இல் யூஃபி கேமராக்கள், வீட்டிலேயே சேமிப்பு என்று சொல்லப்பட்டிருந்தும், முகப் படங்களைக் கிளவுடுக்கு அனுப்பியது தெரியவந்தது. 2024 பிப்ரவரியில் வைஸ் கேமரா பயனர்கள் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் சிறுபடங்கள் போயின.

ஒரு சம்பவம் நடந்ததாலேயே அந்தப் பிராண்டை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை நாளில் ஒப்புக்கொண்டார்கள், எப்போது சரிசெய்தார்கள், எத்தனை வருடம் அப்டேட் தருவதாக எழுத்தில் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவதற்கு எங்குமே பதில் இல்லை என்றால் நான் அந்தப் பிராண்டை வாங்குவதில்லை.

பேட்டரி கேமராவையும் ஒயர் கேமராவையும் ஒரே தராசில் வைப்பது

பேட்டரி கேமரா பொதுவாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அசைவு தெரிந்து விழிப்பதற்குள் ஆள் பாதி தூரம் கடந்திருப்பான்.

ஸ்டார் ரேட்டிங்

பெரும்பாலும் முதல் வாரத்தில், பகலில் பார்த்து எழுதியவை. ஒரு வருடம் கழித்து எழுதியதை மட்டும் படியுங்கள்.

"மெமரி கார்டு வசதி உண்டு" என்பதோடு நின்றுவிடுவது

எவ்வளவு கொள்ளும் கார்டு என்று பாருங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் நாள் முழுக்கப் பதிந்தால் 43 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று நாள்கூடத் தாங்காது. நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பினால் முதல் நாள் அழிந்திருக்கும். ஓயாமல் எழுதித் தேயாத, கண்காணிப்புக் கேமராவுக்கென்றே செய்த கார்டாகவும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு பிராண்டில்

வேண்டாம். அர்த்தராத்திரியில் கொல்லைக் கதவு சத்தம் கேட்கும்போது எந்த ஆப்பில் எந்தக் கேமரா என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.