மாற்று மூட்டில் தொற்றா? மாத்திரைக்கு முன் மூட்டு நீர்

எலும்பு வார்டில் தினமும் கட்டுப் பிரித்துக் காயம் பார்க்கும் செவிலியர் நான். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத்தான் உள்ளே தொற்று வருகிறது. வந்துவிட்டால் கிருமிகள் செயற்கை மூட்டின் மேல் படலம் கட்டிப் பதுங்கிக்கொள்ளும். மருந்து அங்கே எளிதில் எட்டாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

முதலில் கட்டைப் பாருங்கள். ஆரம்ப நாட்களில் லேசாகக் கசியும்; நாளுக்கு நாள் குறைய வேண்டும். காய்ந்த கட்டு மறுபடி நனைந்தாலோ, ஒரு வாரமாகியும் ஈரம் நிற்காவிட்டாலோ, அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். மூட்டில் வெதுவெதுப்பு பல வாரம் இருக்கும், அதற்குப் பயம் வேண்டாம். சிவப்பு தெரிந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, போட்டோ எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால், சீழ் வந்தால், தணிந்துவந்த வலி திரும்ப ஏறி ராத்திரியெல்லாம் குடைந்தால் உடனே கிளம்புங்கள். காய்ச்சல் இல்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பலருக்குக் காய்ச்சலே வராது.

அங்கே சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்று உடம்பில் அழற்சி இருக்கிறதா எனக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பார்கள். அறுவைக்குப் பின் சி.ஆர்.பி. எல்லோருக்கும் ஏறும், 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு சில வாரங்களில் இறங்கிவிடும். இறங்காமலே நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ சந்தேகம். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம்.

அப்புறம்தான் முக்கியமானது: ஊசி போட்டு மூட்டு நீரை எடுப்பார்கள். அதில் வெள்ளணுக்களை எண்ணி, கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள்; இதைத்தான் கல்ச்சர் என்போம். மெதுவாக வளரும் கிருமிகளும் உண்டு, கல்ச்சரை 14 நாள் வரை வைத்திருப்பார்கள். இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை நீங்களாகப் போடாதீர்கள். போட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாமல் போகலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் சொல்லுங்கள். பரிசோதனைக்காக நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

குளிர்நடுக்கம், மயக்கம், மூச்சுவாங்கல், குழப்பமான பேச்சு இருந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆண்டுகள் கழித்தும் பல்லில் சீழ், காலில் புண் போன்றவற்றிலிருந்து ரத்தம் வழியாகக் கிருமி வரலாம். நன்றாக இருந்த மூட்டு திடீரென வீங்கி வலித்தால், அறுவை முடிந்து எத்தனை வருடமானாலும் அன்றைக்கே காட்டுங்கள்.